ஈஸ்டும் துணை தேடும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பூஞ்சைகளைப் பற்றிப் பேசப் போனால் கேள்விகள் மூன்று இடங்களிலிருந்து வரும்: அடுப்படி, தோட்டம், பள்ளிக்கூடம். கேக் சுடுபவர்களுக்கு ஈஸ்ட், உருளைக்கிழங்கு போடுபவர்களுக்குக் கருகல் நோய், பிள்ளைகளுக்குப் பரீட்சை. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே சங்கதி: காலும் கண்ணும் இல்லாத இந்த உயிர்கள், வேதிப்பொருளை வெளியே விட்டே துணையைக் கண்டுபிடிக்கின்றன. அந்தப் பொருள்களுக்கு ஃபெரோமோன் என்று பெயர். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

ஈஸ்ட் மொட்டு விட்டுத்தானே பெருகும்? அதற்கு எதற்குத் துணை?

பாடப்புத்தகத்துப் படம் சரிதான். சர்க்கரையும் ஈரமும் இருக்கும்வரை ஈஸ்ட் மொட்டு விட்டே பெருகும். இதமான சூட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஊட்டிக் குளிரில் இந்த வேகம் இருக்காது. டிசம்பரில் பிசைந்த மாவு விடிய விடியப் பொங்காமல் கிடப்பது அதனால்தான்.

ஆனால் பேக்கரி ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேவுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 16 குரோமோசோம்கள் உள்ள ஒற்றைத் தொகுதிச் செல்கள் இரண்டு சேர்ந்து, 32 உள்ள இரட்டைத் தொகுதிச் செல்லாகும். உணவு தீர்ந்து பட்டினி வந்ததும் அந்த இரட்டைச் செல் ஒரு பைக்குள் நான்கு ஸ்போர்களை, அதாவது வித்துகளை, உண்டாக்கிவிட்டு அடங்கிவிடும். காலம் திரும்பினால் ஸ்போர் முளைக்கும், மறுபடி துணை தேடும். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் விங்கே என்பவர் 1935-ல் இந்தச் சுழற்சியைக் காட்டினார். 

இதில் எது ஆண், எது பெண்?

இரண்டும் இல்லை. இரு தரப்பும் ஒரே அளவு, ஒரே உருவம். ‘ஏ’ வகை, ‘ஆல்ஃபா’ வகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது குரோமோசோமில் ஓரிடத்தில் எந்த மரபணு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ‘ஏ’ ஆல்ஃபாவோடு மட்டுமே சேரும்.

அவை வெளியே விடும் பொருள் என்ன?

ஆல்ஃபா செல் விடுவது 13 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிப் புரதத் துண்டு. பெயர் ஆல்ஃபா காரணி. அதை முதலில் நீளமான ஓர் இழையாகத்தான் செல் தயாரிக்கிறது. அந்த இழையில் ஒரே துண்டின் நான்கு பிரதிகள் வரிசையாக இருக்கும். கெக்ஸ்2 என்ற நொதி அதை வெட்டிப் பிரிக்கும். பிறகு வழக்கமான சுரப்புப் பாதை வழியே துண்டுகள் வெளியே போகும். தண்ணீரில் நன்றாகக் கரையும், பரவும்.

‘ஏ’ செல் விடும் ஏ காரணிக்கு 12 அமினோ அமிலங்கள்தான். ஆனால் அதன் ஒரு முனையில் கொழுப்பு வால் ஒன்று ஒட்டியிருக்கும். கொழுப்பு என்பதால் தண்ணீரில் எளிதில் பரவாது. சுரப்புப் பாதையிலும் போகாது. அதை வெளியே தள்ளவே செல்லின் சவ்வில் தனியாக ஒரு பம்பு இருக்கிறது. இப்படி ஒரு பக்கம் எட்டிப் பரவும் பொருள், மறுபக்கம் ஒட்டிக்கொண்டு கிட்டத்திலேயே நிற்கும் பொருள். ஒன்றுக்கொன்று சமமான இரண்டு தரப்புகளுக்கு ஏன் இவ்வளவு வேறுபட்ட பொருள்கள் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகச் சுவையான கேள்வி. ஆல்ஃபா தூரத்திலிருந்து தகவல் சொல்கிறது, ஏ காரணி பக்கத்தில் வந்தபின் உறுதி செய்கிறது என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

கண் இல்லாத செல்லுக்குத் திசை எப்படித் தெரியும்?

‘ஏ’ செல்லின் மேற்பரப்பு முழுக்க ஆல்ஃபா காரணியைப் பிடித்து உணரும் புரதங்கள், அதாவது ஏற்பிகள், ஆயிரக்கணக்கில் இருக்கும். செல்லின் அகலமோ ஏறக்குறைய 5 மைக்ரான்தான். துணை இருக்கும் பக்கத்து ஏற்பிகளில் கொஞ்சம் அதிகமாகவும் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் குறைவாகவும் பொருள் வந்து ஒட்டும். அந்தச் சின்ன வித்தியாசத்தைச் செல் கணக்குப் போட்டுவிடுகிறது. ஏற்பியை ஒட்டி உட்புறம் இருக்கும் ஜி-புரதம் இரண்டாகப் பிரியும். பிரிந்த துண்டு ஒரு நொதியைத் தூண்ட, அது இன்னொன்றைத் தூண்ட, தகவல் உட்கருவரை போகும்.

அதன் பிறகு நடப்பதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். ஆய்வகத்தில் ‘ஏ’ செல்கள் உள்ள திரவத்தில் ஆல்ஃபா காரணியைச் சில சொட்டு விடுவார்கள். மொட்டு விட்டுக்கொண்டிருந்தவை கையில் இருக்கும் மொட்டை முடித்துக்கொள்ளும். புது மொட்டு கிளம்பாது. ஃபார்1 என்ற புரதம் செல் பகுப்பை அதன் தொடக்கக் கட்டத்திலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உருண்டையான செல்கள் ஒரு பக்கம் கூம்பி, மூக்கு நீண்டு, பேரிக்காய் வடிவத்தில் நிற்கும். ஆராய்ச்சியாளர்கள் அதை ‘ஷ்மூ’ என்பார்கள். ஒரு பழைய அமெரிக்கக் கார்ட்டூன் பாத்திரத்தின் உருவம் அது. ஈஸ்டால் நகர முடியாது. அதனால் துணையை நோக்கி வளர்கிறது.

இரண்டு மூக்குகளும் தொட்டதும் மேலே இருக்கும் ஒட்டுப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும். தொட்ட இடத்தில் மட்டும் செல்சுவர் கரையும், சவ்வுகள் சேரும், இரண்டு உட்கருக்களும் ஒன்றாகும். இதில் சுவரைக் கரைக்கும் நேரம்தான் ஆபத்து. உள்ளே அழுத்தம் அதிகம். துணை சரியாக ஒட்டாமல் இருக்கும்போது சுவர் திறந்தால் செல் வெடித்துச் செத்துவிடும்.

‘ஏ’ செல் தானே ஆல்ஃபா காரணியை அழிக்கும் நொதியையும் விடுகிறதாமே? துணை தேடுகிற செல் ஏன் அப்படிச் செய்கிறது?

நல்ல கேள்வி, கல்லூரி மாணவர்கள் கேட்பது. அந்த நொதியின் பெயர் பார்1. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பத்துக் கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் “ஊட்டி, ஊட்டி” என்று கூவினால் எந்த வண்டி கிளம்பப் போகிறது என்று பிடிபடாது. ஆல்ஃபா காரணி அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ‘ஏ’ செல்லுக்கும் அதே கதிதான்: எல்லா ஏற்பிகளும் நிரம்பிவிடும், எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைவு என்பது அழிந்துபோகும். பார்1 சுற்றிலும் தேங்குவதைத் தின்று தீர்ப்பதால் உண்மையிலேயே கிட்டத்தில் இருக்கும் ஆல்ஃபா செல் மட்டும் எடுப்பாகத் தெரிகிறது. பார்1 இல்லாத திரிபுச் செல்கள் மிகக் குறைந்த அளவுக்கே மிரண்டு பகுப்பை நிறுத்திவிடும். ஆனால் துணை சேர்வதில் சொதப்பும்.

இன்னொன்று. பல ஆல்ஃபா செல்கள் சுற்றி நின்றால் ‘ஏ’ செல் எதையாவது பிடித்துக்கொள்வதில்லை. அதிகமாக ஃபெரோமோன் விடும் செல்லையே தேர்ந்தெடுக்கிறது என்று ஜாக்ஸனும் ஹார்ட்வெல்லும் 1990-ல் காட்டினார்கள். செல் பகுப்பு ஆய்வுக்காக 2001-ல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்ட அதே லேலண்ட் ஹார்ட்வெல்தான்.

ஒரே ஒரு ஸ்போர் தனியாகப் போய் விழுந்தால்?

ஆளை மாற்றிக்கொள்ளும். காட்டு ஈஸ்டில் ஒருமுறை மொட்டு விட்டு முடித்த தாய்ச் செல், தன் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் தானே வெட்டி, இன்னொரு இடத்தில் பேசாமல் வைத்திருக்கும் மாற்றுப் பிரதியை அங்கே எழுதிக்கொள்ளும். ‘ஏ’ ஆல்ஃபாவாகும், ஆல்ஃபா ‘ஏ’வாகும். பிறகு தன் வம்சத்துச் செல்லோடேயே சேர்ந்துவிடும். இதை அனுமதித்தால் ஆராய்ச்சி செய்ய முடியாது என்று ஆய்வக ஈஸ்ட்களில் அந்த வெட்டும் நொதியை முடக்கி வைத்திருப்பார்கள்.

அப்படியானால் அசலூர் ஈஸ்டோடு எங்கே சந்திக்கும்?

அது அரிதாகத்தான் நடக்கிறது. பெரும்பாலும் ஒரே பைக்குள் இருக்கும் நான்கு ஸ்போர்களே தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிடும். வெளியாளோடு கலக்க வேண்டுமென்றால் யாராவது சுமந்து போக வேண்டும். குளவிகளின் குடல் அப்படி ஓர் இடம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள்: குளவி தின்ற பழத்தோடு போன பல ஈஸ்ட் வகைகள் குடலுக்குள் ஸ்போர் உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. குன்னூர்ப் பக்கம் பிளம்ஸ் மரத்தடியில் வெடித்து விழுந்த பழத்தை மொய்க்கும் குளவியை இனி கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பழ ஒயின் போடுபவர்களின் ஜாடியில் வந்து சேரும் காட்டு ஈஸ்ட்களும் பழத்தோல், பூச்சி என்று சுற்றி வந்தவையே.

நான் வாங்கும் பாக்கெட் ஈஸ்டும் மாவுக்குள் இணைசேருமா?

சேராது. பேக்கரி ஈஸ்ட் ஏற்கெனவே சேர்ந்து முடித்த செல். இரண்டு தொகுதி, சிலவற்றில் அதற்கும் மேலே குரோமோசோம்கள் இருக்கும். இரு வகை மரபணுவும் ஒரே செல்லில் இருந்தால் ஃபெரோமோனும் ஏற்பியும் தயாராவது நின்றுவிடும். மாவு பொங்குவதற்கும் இணைசேர்க்கைக்கும் சம்பந்தமே இல்லை. பழைய முறையில் வர்க்கி போடுபவர்கள் சேர்க்கும் புளித்த மாவில் காட்டு ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் கலந்து இருக்கும். ஆனாலும் அங்கேயும் நடக்கும் முக்கிய வேலை சர்க்கரையைத் தின்று வாயு விடுவதுதான்.

புளித்த மாவின் வாசனை அந்த ஃபெரோமோனா?

இல்லை. அது ஆல்கஹால், எஸ்டர், அமிலங்கள். புரதத் துண்டு காற்றில் பறந்து மூக்குக்கு வராது.

ரொட்டியில் படரும் கறுப்புப் பூஞ்சையும் இப்படித்தானா?

அது வேறு குடும்பம், வேறு வழி. ரைசோபஸ், மியூக்கர் வகைப் பூஞ்சைகளில் ‘கூட்டல்’, ‘கழித்தல்’ என இரண்டு வகை உண்டு. பிளேக்ஸ்லீ என்ற அமெரிக்கர் 1904-ல் கண்டது. இவற்றின் ஃபெரோமோன் டிரைஸ்போரிக் அமிலம். அதன் மூலப்பொருள் பீட்டா கரோட்டின், அதாவது கேத்தி பள்ளத்தாக்குக் கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் கொடுக்கும் அதே பொருள்.

இதில் விசேஷம், எந்த வகையாலும் தனியாக டிரைஸ்போரிக் அமிலத்தை முழுசாகச் செய்ய முடியாது. கூட்டல் வகை பாதிவரை செய்து ஒரு பொருளை வெளியே விடும், கழித்தல் வகை வேறொரு பாதிப்பொருளை விடும். இவை காற்றிலேயே பரவக்கூடியவை. எதிர்த்தரப்பு அதை வாங்கி மிச்ச வேலையை முடிக்கும். அமிலம் சேரச் சேர இரு பக்கமும் இழைகள் காற்றில் எழும்பி ஒன்றையொன்று நோக்கி வளைந்து வளரும். கூடவே கரோட்டின் உற்பத்தியும் எகிறும். அதனால்தான் பிளேக்ஸ்லியா டிரைஸ்போரா என்ற இதன் உறவுப் பூஞ்சையின் இரு வகைகளையும் ஒரே தொட்டியில் வளர்த்து, உணவு நிறமியாகப் பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். கடையில் மஞ்சள் நிறம் போட்ட பண்டத்தில் அதுவும் இருக்கலாம்.

கிழங்குத் தோட்டத்தில் கருகல் வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கார்போகத்தில் இரண்டே நாளில் தோட்டம் காய்ந்துபோகிறதே.

தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். பின்பருவ இலைக்கருகலை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் உண்மையான பூஞ்சையே அல்ல. இழையாகப் படர்வதால் அந்தப் பெயரில் அழைக்கிறோம். அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. உறவுமுறையில் பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் கிட்டம். பூஞ்சைக்கென்றே செய்த சில மருந்துகள் இதனிடம் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இரண்டு நாளில் தோட்டம் காய்வது இணைசேர்க்கையால் அல்ல. மூடுபனி விலகாத காலையில் பாதிக்கப்பட்ட இலையைத் திருப்பிப் பாருங்கள். கருத்த புள்ளியின் ஓரத்தில், பச்சையும் கறுப்பும் சேரும் இடத்தில், மெல்லிய வெள்ளைப் பூப்போல ஒரு வளையம் தெரியும். அத்தனையும் துணையே இல்லாமல் உண்டான வித்துப் பைகள். காற்றிலும் சாரலிலும் பறந்து அடுத்த செடிக்குப் போகும். இலையில் ஈரம் இருந்தால் போதும், ஒவ்வொரு பையிலிருந்தும் நீந்தும் வித்துகள் கிளம்பும். அன்றாடச் சேதம் முழுக்க இவற்றால்தான்.

இணைசேர்க்கை வேறு ஓர் இடத்தில் கடிக்கிறது. இந்த உயிரிக்கு ஏ1, ஏ2 என்று இரண்டு வகை. இரண்டும் ஒரே இலையில் சந்தித்தால் தடித்த சுவர் கொண்ட ஊஸ்போர்கள் உண்டாகும். வித்துப் பைகள் உயிருள்ள செடி இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். ஊஸ்போர்களோ மண்ணுக்குள் வருஷக் கணக்கில் கிடக்கும். அதோடு இரு தரப்பு மரபணுக்களும் கலந்து புதுப்புது ரகங்கள் பிறக்கும். மருந்துக்கு அடங்காததும், எதிர்ப்பு ரகக் கிழங்கைத் தாக்குவதும் அவற்றில் இருக்கலாம்.

இவை பேசிக்கொள்ளும் முறையைத் துப்புத் துலக்கியவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார். ஒரு ஹார்மோனின் அமைப்பு 2005-லும் மற்றதன் அமைப்பு 2011-லும் வெளிவந்தன. செடியின் பச்சையத்தோடு இணைந்திருக்கும் ஃபைட்டால் என்ற பொருளை எடுத்து ஏ2 வகை ஒரு ஹார்மோனாக மாற்றுகிறது. அது ஏ1 வகையை ஊஸ்போர் உண்டாக்கத் தூண்டும். ஏ1 அதே ஹார்மோனை வாங்கி இன்னும் கொஞ்சம் மாற்றி இரண்டாவது ஹார்மோனாக்கும். அது ஏ2 வகையைத் தூண்டும். ஆக, உங்கள் கிழங்குச் செடியின் பச்சை நிறத்திலிருந்தே அவை கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொள்கின்றன.

1845-ல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்தது முதல் நூறாண்டுக்கும் மேலாக மெக்சிகோவுக்கு வெளியே ஏ1 மட்டும்தான் இருந்தது. 1980-களில் ஐரோப்பாவில் ஏ2 தென்பட்டது, பிறகு எல்லாப் பக்கமும் பரவியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியத் தக்காளித் தோட்டங்களை அழித்தது 13_ஏ2 என்ற வம்சம். மெட்டலாக்ஸில் மருந்துக்கு அது அடங்காது. அந்த வம்சமும் துணையில்லாமல் பிரதியெடுத்தே பரவியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வகை மட்டும் இருக்கும் ஊரில் ஊஸ்போர் பயம் குறைவு. இரண்டு வகையும் ஒரே பள்ளத்தில் வந்து சேர்ந்தால்தான் பிரச்சினை. அதை வெளியூர் விதைக்கிழங்கும் நாற்றும் கொண்டுவரும்.

ஆகவே செய்ய வேண்டியது: எங்கிருந்து வந்தது என்று தெரியாத விதைக்கிழங்கை வாங்காதீர்கள். அழுகல் கிழங்கைத் தோட்டத்து மூலையில் குவித்து வைக்காதீர்கள். தானாக முளைத்த கிழங்குச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். நோயுற்ற தக்காளியை கிழங்குக்குப் பக்கத்தில் விட்டுவைக்காதீர்கள். ரகம், மருந்து பற்றி ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

முட்டைக்கோஸில் அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோமே, கருகலுக்கும் அப்படி ஒன்று வைக்க முடியாதா?

முடியாது. அந்துப்பூச்சி வாசனையைப் பிடித்துக்கொண்டு பறந்து வந்து மாட்டும். கருகலின் ஹார்மோன் எதையும் இழுத்து வருவதில்லை. இலைக்குள் பக்கத்து இழைக்குச் செய்தி சொல்கிறது, அவ்வளவுதான்.

காளான் பண்ணையில் ஃபெரோமோன் வேலை செய்கிறதா?

பண்ணைக்காரருக்கு அதனால் கவலை வேண்டாம். நீங்கள் வாங்கும் காளான் விதை ஏற்கெனவே துணை சேர்ந்த பூஞ்சை இழை. அதிலும் ஊட்டி 1 போன்ற மொட்டுக் காளான் ரகங்களில் பெரும்பாலான ஸ்போர்களுக்குள் இரண்டு உட்கருக்கள் ஜோடியாகவே இருக்கும். முளைத்தால் தானே காளான் தரும். விவசாயிக்கு வசதி, புது ரகம் உருவாக்குபவருக்குத் தலைவலி.

காட்டுக் காளான்களில் கதை விநோதமானது. இழைகள் ஃபெரோமோனுக்காகக் காத்திருப்பதில்லை, முட்டினால் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகுதான் ஃபெரோமோனும் ஏற்பியும் பொருந்துகின்றனவா என்று பரிசோதனை. பொருந்தினால் எதிர்த்தரப்பு உட்கருக்கள் இழை முழுக்கப் பயணம் போக அனுமதி கிடைக்கும். வெட்டிப் போட்ட கட்டைகளில் சின்னச் சின்ன வெள்ளை விசிறியாய் முளைக்கும் ஷைசோஃபில்லம் கம்யூனுக்கு இப்படி 23,000-க்கும் மேற்பட்ட இணைவகைகள் உண்டு. வழியில் சந்திக்கும் ஏறக்குறைய எந்த அந்நியனோடும் அது சேரலாம்.

இதையெல்லாம் படித்து மனிதருக்கு என்ன லாபம்?

நிறைய. ஈஸ்டின் ஃபெரோமோன் ஏற்பியும் நம் உடலில் அட்ரினலினையும் வாசனையையும் உணரும் ஏற்பிகளும் ஒரே பெருங்குடும்பம். இன்று புழங்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்தைத்தான் குறிவைக்கிறது. ஆல்ஃபா காரணியை வெட்டும் கெக்ஸ்2-வைத் தெரிந்துகொண்டதால்தான் மனிதரில் அதற்கு ஈடான ஃப்யூரின் பிடிபட்டது. கொரோனா வைரஸின் முள் புரதத்தை வெட்டுவதாக 2020-ல் செய்திகளில் அடிபட்ட அதே ஃப்யூரின். ஈஸ்டில் இன்சுலின் தயாரிக்கும்போது அதைச் செல்லுக்கு வெளியே அனுப்ப, ஆல்ஃபா காரணியின் முன்பகுதியையே முன்னால் ஒட்டி விடுகிறார்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதைச் செய்து காட்ட முடியுமா?

ஈஸ்டில் வேண்டாம். பாக்கெட் ஈஸ்ட் ஏன் சேராது என்று மேலே சொன்னேன். ஆய்வக ‘ஏ’, ஆல்ஃபா வகைகளும் நல்ல நுண்ணோக்கியும் இல்லாமல் ஒன்றும் தெரியாது. ரைசோபஸ் கண்ணுக்கே தெரியும். ரொட்டியில் தானாக வந்ததை எடுத்தால் ஒரே வகையாக இருக்கலாம், அதனால் கல்லூரி ஆய்வகம் மூலமாகக் கூட்டல், கழித்தல் இரண்டு வகையையும் தனித்தனியாக வரவழைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு வேகவைத்த நீர், குளுக்கோஸ், அகர் சேர்த்த பெட்ரித் தட்டில் ஒரு ஓரத்தில் ஒன்றையும் எதிர் ஓரத்தில் மற்றதையும் வையுங்கள். சுமார் ஒரு வாரத்தில் இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் கரிய கோடு ஒன்று விழும். அது முழுக்க இணைந்து உண்டான ஸைகோஸ்போர்கள். ஒப்பிட, கூட்டலும் கூட்டலும் வைத்த தட்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், அதில் கோடு விழாது. மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இந்த ஸ்போர் ஆகாது. கண்ணாடித் தட்டென்றால் கண்காட்சி முடிந்ததும் மூடியோடேயே பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்துவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.